12000 நம்பர் கல் வாங்கியும் பதம் வராத கத்தி

ஜெர்மனியின் சோலிங்கன் ஊரில் செய்த பழைய சவரக்கத்தி ஒன்று கைக்கு வந்தது. 5/8 அங்குல அகலம், துரு இல்லை, பதம் மட்டும் போயிருந்தது. மழுங்கல்தானே, இருப்பதிலேயே நைசான தீட்டுக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் போதும் என்று நேராக நானிவா கம்பெனியின் 12000 நம்பர் கல்லை வாங்கினேன் (நம்பர் கூடக்கூடக் கல் நைசாகும்). ஒரு மாதம் தீட்டினேன். வாய் கண்ணாடி மாதிரி பளபளத்தது. கன்னத்தில் வைத்தால் முடியை வெட்டாமல் பிடுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

கோளாறைக் காட்டிக் கொடுத்தது ஒரு மார்க்கர் பேனா. கத்தி வாயின் இரண்டு பக்கமும் மை பூசிவிட்டு, கல்லில் ஒரே ஒரு இழுப்பு. முதுகை ஒட்டிய பக்கம் மை அழிந்தது. கூர் விளிம்பில் மட்டும் தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு அப்படியே நின்றது. ஒரு மாதமாகக் கல் கூரைத் தொடவே இல்லை!

அப்புறம்தான் கிங் பிராண்டின் 1000 நம்பர் கல் வாங்கினேன். ஜப்பானியக் கணக்கில் 1000 கல்லின் துகள் ஏறத்தாழ 11.5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), 8000 கல்லில் 1.2 மைக்ரான். 1000 அறுக்க வேண்டிய இரும்பை 12000-ஐக் கொண்டு அறுக்க நினைத்தால் ஆயுசு போதாது. கல்லைத் தண்ணீரில் பத்து, பதினைந்து நிமிடம், குமிழி அடங்கும்வரை ஊறவைத்தேன். காய்கறிக் கத்திபோலக் கோணம் பார்த்துச் சாய்க்கும் வேலை இதில் இல்லை. முதுகும் வாயும் இரண்டுமே கல்லில் படிந்திருந்தால் கோணம் தானே அமைந்துவிடும். அழுத்தக்கூடாது. கத்தி கல்லின் அகலத்தைவிடக் கொஞ்சம் நீளம் என்பதால், அடியிலிருந்து நுனிவரை குறுக்காக நகர்த்திக்கொண்டே இழுக்க வேண்டும். இரண்டு சாயங்காலம் போனது. வாயின் எந்த இடத்தை வைத்தாலும் கை முடி விழுந்த பிறகுதான் 4000, அப்புறம் 8000.

நடுவில் இன்னொரு கூத்து. கல்மேல் பென்சிலால் கட்டம் போட்டுத் தேய்த்துப் பார்த்தால் நடுவில் மட்டும் கோடு அழியவில்லை. கல் குழிந்துவிட்டது. சமையல் மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் துண்டில் 220 நம்பர் உப்புத்தாளை ஈரமாக ஒட்டவைத்து, கோடு மொத்தமும் போகும்வரை கல்லைத் தேய்த்தேன். இப்போது ஒவ்வொரு முறையும் அதைச் செய்துவிட்டுத்தான் கத்தியைத் தொடுவது.

*

அண்ணா, எங்கள் அப்பா சலூன் வைத்திருந்தவர். பாதி பிளேடு மாட்டும் கத்தி வருவதற்கு முன்னால் அவரிடம் இருந்தது ஒரே ஒரு கல். சவர நுரையையே கல்லில் தடவித் தீட்டுவார், அப்புறம் தோல் பட்டையில் ஐம்பது, அறுபது இழுப்பு. பட்டையில் திருப்பும்போது கத்தி முதுகின் மேல்தான் உருள வேண்டும், வாய்ப்பக்கமாகத் திருப்பினால் பட்டை கிழியும். சின்ன வயதில் ஆர்வக்கோளாறில் நானே ஒன்றைக் கிழித்து அடி வாங்கியிருக்கிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் சவரக்கத்தியைக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். தீப்பொறி பறந்தது, விளிம்பில் நீலம் பாய்ந்தது. சூட்டில் இரும்பின் கெட்டித்தன்மை போய்விட்டது. அதற்குப் பிறகு எந்தக் கல்லில் தீட்டினாலும் ஒரு சவரத்துக்கு மேல் பதம் நிற்கவில்லை.

*

அந்தக் கறுப்புக் கோடு எனக்கும் வந்தது, காரணம் வேறு. விலை மலிவான புதுக் கத்தி, முதுகு தேயக்கூடாது என்று எலக்ட்ரீஷியன் ஒட்டும் டேப்பை முதுகில் ஒரு சுற்று ஒட்டித் தீட்டினேன். நன்றாகவே வந்தது. அடுத்த முறை சோம்பலில் டேப் ஒட்டவில்லை. டேப் இருந்தால் முதுகு உயர்ந்து கோணம் கொஞ்சம் கூடும். அது இல்லாதபோது கல், கூருக்குப் பின்னால்தான் உரசும். உங்கள் கத்தியையும் பழைய சொந்தக்காரர் டேப் ஒட்டித் தீட்டியிருப்பாரோ என்னவோ.

சரி, அந்த 12000 கல் சும்மாதானே கிடக்கிறது? விற்பதாக இருந்தால் சொல்லுங்கள்.

*

விற்பதற்கில்லை, தம்பி. 8000 முடிந்ததும் அதில் பத்து இழுப்பு இழுத்துவிட்டுத்தான் பட்டைக்குப் போகிறேன். இப்போது தாடைக்குக் கீழேகூட எரிச்சல் இல்லை.