எதிர்சேவை இரவில் கிடைத்த எர்த்லைக்

தல்லாகுளம்

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டில் முதல் எர்த்லைக், அதாவது பூமி மாதிரியான கோள், உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று எல்லோரும் எழுதுங்களேன். நானே தொடங்குகிறேன்.

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவு. எங்கள் தெருவில் அன்றைக்கு யாரும் படுக்க மாட்டார்கள். அம்மா சொம்பில் சர்க்கரை நிரப்பி, சூடமும் எடுத்துவைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அழகர் ஒவ்வொரு மண்டகப்படியாக நின்று நின்று வந்துகொண்டிருந்தார். எங்கள் பக்கம் வர இன்னும் நேரமாகும் என்றார்கள். சரி, அதுவரை விண்மீனுக்கு விண்மீன் நாலு தாவல் போகலாம் என்று கணினியைத் திறந்தேன்.

கப்பல் ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர். பூமியைவிட்டு ஏறக்குறைய 9,000 ஒளியாண்டு தள்ளி, கொலோனியா என்ற தொலைதூரக் குடியிருப்புக்குப் போகும் வழியிலிருந்து கொஞ்சம் விலகி நின்றிருந்தேன். அந்த வழியிலேயே போனால் எல்லாவற்றிலும் முதலில் கண்டுபிடித்தவர் என்று வேறு யாராவது ஒருவரின் பெயர் இருக்கும். இந்த விளையாட்டில் நம் பால்வெளி அதன் உண்மை அளவிலேயே இருக்கிறது, 40,000 கோடி விண்மீன் தொகுதிகள். விளையாட்டு வெளியான 2014 டிசம்பரிலிருந்து இத்தனை பேர் சுற்றியும் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. பாதையைவிட்டு நாலு எட்டு விலகினாலே யாரும் பார்க்காத வானம்தான்.

அதுவரை மூன்று மாதமாக எனக்குக் கிடைத்தவை பனிக்கட்டிக் கோள்களும் உலோகப் பாறைகளும்தான். ஒரு ஜி வகை விண்மீன், அதாவது நம் சூரியன் மாதிரி மஞ்சளாக ஒன்று, எதிரே வந்தது. ஸ்கேனரை அழுத்தினேன், கப்பல் முழங்கியது, 23 வான்பொருள்கள் என்றது. அலைவரிசைப் பட்டையை நகர்த்திக்கொண்டே போனபோது இதுவரை பார்க்காத வடிவத்தில் ஒரு குறி. பெரிதாக்கினேன். நீலம், வெள்ளை மேகம், நடுவில் பழுப்பு நிலம். மனிதர் சுவாசிக்கத்தக்க காற்று, சொந்த உயிரினங்கள் உண்டு என்று விவரம் வந்தது.

கப்பலை அதன் இருட்டுப் பக்கத்துக்குக் கொண்டுபோனேன். மக்கள் குடியிருக்கும் எர்த்லைக் என்றால் இரவுப் பக்கத்தில் ஊர் விளக்குகள் மின்னும். இங்கே ஒன்றுமில்லை. கடல் எது, கரை எது என்றே தெரியாத முழு இருட்டு. இறங்கவும் முடியாது. இவ்வளவு காற்றுள்ள கோளில் தரையிறங்க இந்த விளையாட்டு இன்னும் விடவில்லை. வெளியே கொட்டுச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது, ஜன்னல் வழியே தீவட்டி வெளிச்சம். நான் அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அம்மா வந்து தோளைத் தட்டினார், எழுந்து ஓடினேன்.

மேலூர்

அண்ணே, கொடுத்துவைத்தவர் நீங்கள். எனக்குக் கிடைத்தது மூன்று. மூன்றும் போய்விட்டன.

புதிதாக வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கண்டுபிடித்தவுடன் பெயர் பதியாது. விண்வெளி நிலையத்துக்குத் திரும்பி வந்து, யுனிவர்சல் கார்ட்டோகிராஃபிக்ஸ் என்ற வரைபட அலுவலகத்தில் ஸ்கேன் செய்த டேட்டாவை விற்றால்தான் பதியும். அதற்குள் கப்பல் வெடித்தால் மொத்தமும் காலி. ஏழு வாரம் சுற்றியிருந்தேன். மூன்று எர்த்லைக், பத்துப் பதினைந்து நீர்க்கோள். திரும்பும் வழியில் அழகான சிவப்புக் கோள் ஒன்றைப் பார்த்து, இறங்கி ஒரு படம் எடுக்கலாம் என்று ஆசைப்பட்டேன். ஈர்ப்பு எவ்வளவு என்று பார்க்கவில்லை. பூமியைப்போல நாலு மடங்கு. மூக்கைத் தாழ்த்தியதும் கப்பல் கல் மாதிரி விழுந்தது. அதன் பிறகு ஒரு மாதம் அந்த விளையாட்டையே திறக்கவில்லை.

அந்த மூன்றும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. இடம் குறித்துவைத்திருந்தால் திரும்பப் போயிருப்பேன். அதையும் செய்யவில்லை. தம்பிகளா, ஒரு நோட்டில் தொகுதியின் பெயரை எழுதிவையுங்கள்.

திருநகர்

தேடுகிற முறையைப் பற்றிக் கொஞ்சம். தொகுதியின் பெயரில் இரண்டு எழுத்து, ஒரு கோடு, ஓர் எழுத்து வரும். அப்புறம் சின்ன எழுத்து ஒன்று, அதை ஒட்டி எண். அந்தச் சின்ன எழுத்துதான் தொகுதியின் நிறையைச் சொல்கிறது. ஏ என்றால் சின்னது, எச் என்றால் மிகப் பெரியது. எனக்கு எர்த்லைக் கிடைத்தது பெரும்பாலும் டி-யில்தான், எஃப், ஜி வகை விண்மீன்களைச் சுற்றி. வரைபடத்தில் வடிகட்டி அந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு போகிறேன். இதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. வயலில் எந்த மூலையில் ஈரம் நிற்கும் என்று விவசாயிக்குத் தெரிகிற மாதிரிதான் இதுவும்.

உசிலம்பட்டி

எனக்கு எர்த்லைக் கிடைத்த கதையைவிட, போய்ச் சேராமல் நின்ற கதைதான் பெரிது.

எரிபொருளை விண்மீனிலிருந்து அள்ளிக்கொள்ளலாம், ஆனால் எல்லா விண்மீனிலும் முடியாது. கே, ஜி, பி, எஃப், ஓ, ஏ, எம், இந்த ஏழு மட்டும்தான். பழுப்புக் குள்ளன்களில் சொட்டுக்கூடக் கிடைக்காது. நான் வரிசையாக நாலு பழுப்புக் குள்ளன்களுக்குத் தாவிவிட்டேன். தொட்டி வறண்டது, விளக்கெல்லாம் அணைந்தது, ஆக்சிஜன் நிமிடக்கணக்கு ஓடத் தொடங்கியது. என்னிடம் விற்காத எர்த்லைக் ஒன்று இருந்தது.

ஃப்யூவல் ரேட்ஸ் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. விளையாடுகிறவர்களே சேர்ந்து நடத்துவது. எரிபொருள் இல்லாமல் நிற்பவர்களைத் தேடிவந்து நிரப்பிவிட்டுப் போவார்கள், காசு வாங்குவதில்லை. அவர்கள் முதலில் சொன்னது, உடனே விளையாட்டின் முகப்புப் பக்கத்துக்கு வெளியேறி இருங்கள், ஆக்சிஜன் கணக்கு நின்றுவிடும் என்பது. வெளியேறிக் காத்திருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர், வேறு நாட்டுக்காரர், மூன்று மணி நேரம் தாவித் தாவி எனக்காக வந்தார். நன்றி சொன்னேன். எர்த்லைக் வைத்திருக்கிறேன் என்றேன். அதைக் கொண்டுபோய்ச் சேருங்கள் என்று மட்டும் எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்தக் கோளில் என் பெயர்தான் இருக்கிறது. அவர் பெயரும் இருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

மேலூர்

அண்ணே, கண் கலங்கிவிட்டது.

ஒத்தக்கடை

நான் கல்லூரி மாணவி. எனக்குக் கிடைத்தது ஏற்கெனவே ஒருவர் கண்டுபிடித்தது. ஆனால் ‘முதலில் வரைபடமாக்கியவர்’ என்ற வரி காலியாக இருந்தது. கோள்களை எறிகருவி வீசி வரைபடமாக்கும் வசதி 2018 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன்னால் போனவர்கள் பெயரை மட்டும் விட்டுச் சென்றிருக்கிறார்கள். பெருங்கூட்டம் போகாத பழைய வழிகளில் இப்படி நிறைய இருக்கும், தேடிப் பாருங்கள் அண்ணா. இப்போது அந்தக் கோளில் மேல் வரியில் அவர், கீழ் வரியில் நான். அவர் யார் என்று தெரியாது, இன்னும் விளையாடுகிறாரா என்றும் தெரியாது. யானைமலையைப் பார்த்தபடி மொட்டை மாடியில் உட்கார்ந்து அன்றைக்கு வெகுநேரம் அவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தல்லாகுளம்

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்துவிட்டேன். என் கோளுக்கு ஒரு தடவை சேர்ந்தே போகலாமா? சனிக்கிழமை இரவு பத்து மணி, எல்லோருக்கும் தொகுதியின் பெயரை அனுப்புகிறேன். உசிலம்பட்டி அண்ணே, வழியில் பழுப்புக் குள்ளன்கள் இல்லாத பாதையாகப் போட்டுவைக்கிறேன். மேலூர்த் தம்பி, கையில் டேட்டா ஏதாவது இருந்தால் கிளம்பும் முன்னே விற்றுவிட்டு வா.