தலைக்காயத்துக்குப் பிறகு தம்பிக்கு எந்த வீடு நல்லது?

வணக்கம். செங்கோட்டை பக்கம் புளியரை. போன ஆடியில் பைக் விபத்தில் தம்பிக்கு (27 வயது) மூளையின் இடது முன்பகுதியில் அடிபட்டு, திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் நடந்தது. வலது கை இன்னும் தளர்வு, பேச வார்த்தை தேடுகிறான்.

வீடு கொல்லம் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. ராத்திரியெல்லாம் கேரளா லாரிகள். ஹாரன், டிவி, பார்க்க வருகிறவர்கள் பேச்சு எல்லாம் சேர்ந்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான், அன்றைக்கு பிசியோதெரபியும் நடக்காது. கனமான திரை, காதுக்குப் பஞ்சு, டாக்டரிடம் கேட்டு மாத்திரை நேரத்தை மாற்றியது, எதுவும் போதவில்லை.

மேக்கரையில் சித்தியின் தோப்பு வீட்டில் தங்கியபோது நன்றாகத் தூங்கினான், சட்டைப் பட்டனைத் தானே போட்டான்! ஆனால் அங்கே பேச ஆளில்லை, தெரபிஸ்ட்டும் தூரம்.

இதே நிலையைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்: தோப்பு வீட்டுக்கே மாறலாமா, இங்கேயே ஒரு அறையைச் சத்தம் வராமல் மாற்றினால் போதுமா?