தியேட்டர் கமாண்ட் = புலத் தளபதியகம்?

வணக்கம் ஐயா,

ஒரு பகுதியில் உள்ள தரை, கடல், வான் படைகளை ஒரே தலைமையின் கீழ் வைக்கும் 'தியேட்டர் கமாண்ட்' என்பதற்கு 'அரங்க ஆணையகம்' என்று நீங்கள் எழுதியதை இரண்டு நாளாக மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு முதலில் இடிப்பது 'ஆணையகம்'. தேர்தல் ஆணையம், மகளிர் ஆணையம் என்று பழகிய காதுக்கு அது விசாரணை நடத்தி அறிக்கை கொடுக்கும் அமைப்பாகத்தான் கேட்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வேறுபாடு.

கமாண்ட் என்ற ஒரு சொல் மூன்று வேலை செய்கிறது. இடப்படும் உத்தரவும் கமாண்ட், உத்தரவிடும் உரிமையும் கமாண்ட், அந்த உரிமைக்குள் அடங்கிய படைகளும் பரப்பும் சேர்ந்த அமைப்பும் கமாண்ட். முதலாவதற்குக் கட்டளை இருக்கிறது. இரண்டாவதற்குக் 'கட்டளையுரிமை' போதும். மூன்றாவதற்குத்தான் சொல் வேண்டும். இலங்கையில் 'வடக்கு கடற்படைக் கட்டளை' என்று அதிகாரபூர்வமாகவே எழுதுகிறார்கள். புழங்கும் சொல், அதை மதிக்கிறேன். ஆனால் 'வடக்குக் கட்டளை இட்ட கட்டளை' என்று எழுத நேரும்போது வாசகர் தடுமாறுவார்.

இந்த அமைப்பின் உயிர்நாடி எது என்று பார்த்தால் சொல் தானே கிடைக்கும் என்று தோன்றியது. இந்தியாவில் தரைப்படைக்கு 7, வான்படைக்கு 7, கடற்படைக்கு 3 என மொத்தம் 17 கமாண்டுகள் தனித்தனியே இருக்கின்றன. தெற்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: தரைப்படையின் தெற்குத் தலைமையகம் புணேயில், கடற்படையினுடையது கொச்சியில், வான்படையினுடையது திருவனந்தபுரத்தில். பெயரில் மூன்றும் தெற்கு. மூன்றுக்கும் எல்லை வேறு, தலைவர் வேறு. ஒரு பகுதியில் போர் மூண்டால் அங்கே இருக்கும் முப்படைக்கும் ஒரே ஆள் பொறுப்பு என்று மாற்றுவதுதான் தியேட்டர் கமாண்ட் யோசனை. கார்கில் போருக்குப் பிறகு, 2001இல் அந்தமான் நிக்கோபாரில் இதன் முதல் வடிவம் வந்தது. குறிப்பிட்ட பகுதி என்று இல்லாமல், அணு ஆயுதங்களைக் கையாளும் பணிக்காக முப்படைக்கும் பொதுவான இன்னோர் அமைப்பு 2003இல் வந்தது.

அப்படி வந்த பிறகும் ஒரு சிக்கல் நீடித்தது. இப்படி முப்படையும் சேர்ந்த அமைப்பின் தலைவர் கடற்படைக்காரராக இருந்தால், அவருக்குக் கீழே வேலை செய்யும் தரைப்படை வீரர் மேல் அவரால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது. ஒவ்வொரு படைக்கும் தனிச் சட்டம். அதைச் சரிசெய்ய 2023இல் ஒரு சட்டம் இயற்றி, எந்தப் படையிலிருந்து வந்தவரானாலும் அந்த அமைப்பில் பணிபுரியும் எல்லார் மேலும் அதன் தலைவருக்கு அதிகாரம் உண்டு என்றார்கள். அமெரிக்காவின் 1986 சட்டமும் இதே புள்ளியைத்தான் தொட்டது: உத்தரவு குடியரசுத் தலைவரிடமிருந்து பாதுகாப்புச் செயலர் வழியாக நேரே களத்தின் தலைவருக்குப் போகும், படைத்தலைவர்கள் குழுவின் தலைவர் ஆலோசனை சொல்பவர் மட்டுமே.

ஆக, கமாண்ட் என்பது கட்டடமுமில்லை, வெறும் நிலப்பரப்பும் இல்லை. ஒரு தளபதியின் கைக்குள் உள்ளது எதுவோ அது. தமிழில் இதற்கு வழி இருக்கிறது. தூதர் தலைமையில் இயங்குவது தூதரகம், இயக்குநர் தலைமையில் இயங்குவது இயக்குநரகம். அப்படியானால் தளபதி தலைமையில் இயங்குவது 'தளபதியகம்'. புதுச் சொல் மாதிரியே இல்லை, ஏற்கெனவே இருந்ததைக் கண்டெடுத்த மாதிரி இருக்கிறது. 'படைமண்டலம்' என்றும் யோசித்தேன். காதுக்கு இனிமைதான். ஆனால் அணு ஆயுத அமைப்புக்கு மண்டலம் ஏது? பகுதிக்கு உரியது, பணிக்கு உரியது என்ற இரண்டு வகைக்கும் தளபதியகம் பொருந்தும்.

அடுத்து 'அரங்கம்'. வாசகர் மனதில் முதலில் மேடையும் திரையும்தான் வரும். சீனா 2016இல் ஏழு ராணுவ வட்டாரங்களைக் கலைத்து ஐந்தாக மாற்றியபோது வைத்த பெயருக்கு அவர்கள் மொழியில் போர்ப் பகுதி என்றுதான் பொருள், நாடகத்தின் சாயலே இல்லை. நாமும் அதைச் சுமக்க வேண்டாம். 'களம்' என்றால் ஒரு சண்டை நடக்கும் இடம், சிறியது. அதைவிட விரிந்த நிலத்துக்குப் 'புலம்' இருக்கிறது. புலம்பெயர்தல் என்ற சொல்லால் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. களங்கள் பல சேர்ந்தது புலம். எனவே மேற்குப் புலத் தளபதியகம், வடக்குப் புலத் தளபதியகம்.

ஒரே நாட்டின் வெவ்வேறு படைகள் சேர்ந்து இயங்குவதைக் குறிக்கும் 'ஜாயின்ட்' என்பதில் இன்னும் கவனம் தேவை. 'கூட்டுப்படை' என்றாலே பல நாடுகள் சேர்ந்த படை என்று ஈராக் போர்ச் செய்திகள் நம்மைப் பழக்கிவிட்டன. 'இணை' என்றால் இணை இயக்குநர் போல ஒரு படி கீழே என்று ஆகிவிடும். இந்தியாவுக்கு 'முப்படை' அருமையான சொல், ஆனால் மூன்றுக்கு மேல் படைகள் வைத்திருக்கும் நாடுகளுக்கு ஒத்துவராது. பொதுச் சொல்லாகப் 'பல்படை' என்று வைக்கலாமா? பல நாட்டுப் படைகள் சேர்ந்தால் கூட்டுப்படை, ஒரே நாட்டின் பல படைகள் சேர்ந்தால் பல்படை.

கடைசியாக, 'சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப்' என்ற பதவிக்கு நாளிதழ்கள் எழுதும் 'முப்படைத் தலைமைத் தளபதி'. 2020 ஜனவரியில் ஜெனரல் பிபின் ராவத் அந்தப் பதவியை ஏற்றதிலிருந்து இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் 2019 டிசம்பரில் பதவியை உருவாக்கியபோதே, மூன்று படைத் தலைவர்கள் மீதும் அவருக்குக் கட்டளையுரிமை கிடையாது என்று அரசு தெளிவாகச் சொல்லியிருந்தது. இல்லாத அதிகாரத்தைப் பெயரே கொடுத்துவிடுகிறது. புலத் தளபதியகங்கள் வரும்போது யார் தளபதி, யார் ஆலோசகர் என்ற குழப்பம் இன்னும் கூடும். இலங்கை வழக்கில் 'பாதுகாப்புப் பதவிநிலைப் பிரதானி' என்று தளபதியைத் தவிர்த்தே எழுதுகிறார்கள். 'ஸ்டாஃப்' என்பதற்கு அவர்கள் வைத்த 'பதவிநிலை' என்ற அந்தச் சொல்லை நாமும் எடுத்துக்கொண்டு 'பதவிநிலைத் தலைவர்' என்று எழுதலாமா? தமிழ்நாட்டு வாசகருக்கு அது பதவி உயர்வு, சம்பள நிலை என்று கேட்டுவிடுமோ என்பது மட்டும்தான் என் தயக்கம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் ஐயா.