மோசமான வேலைய விட்டுட்டு நேரா ஸ்டார்ட்அப்புக்கா?

இரவுப்பறவை:
3 வருஷம் இருந்த கம்பெனிய போன மாசம் விட்டுட்டேன். ராத்திரி 11 மணிக்கு மேனேஜர் "ஒரு நிமிஷம்"னு மெசேஜ் போடுவாரு, அந்த ஒரு நிமிஷம் ஒண்ணரை மணி வரைக்கும் இழுக்கும். இப்பவும் போன்ல அந்த டிங் சத்தம் கேட்டா வயித்த பிசையுது. 12 பேர் இருக்குற ஒரு ஸ்டார்ட்அப்ல ஆஃபர் வந்திருக்கு, சம்பளம் கொஞ்சம் கம்மி, ஆனா ஈசாப் (கம்பெனி ஷேர்ல நமக்கும் ஒரு பங்கு) தர்றாங்களாம், ஃபவுண்டரும் நல்லா பேசுறாரு. போகலாமா?

மூணாவதுபெஞ்ச்:
யோசிக்காம போங்க. நான் சேர்ந்த முதல் வாரமே கஸ்டமர் நேரா எனக்கு போன் பண்ணி திட்டுனாரு, காலைல திட்டு வாங்குனத சாயங்காலம் சரி பண்ணி லைவ்ல விட்டேன். பழைய ஆபீசா இருந்தா அதுக்கு நாலு பேர் அப்ரூவல் வேணும்.

கணக்குப்புலி:
எண்ணெய்ச்சட்டிக்கு பயந்து எரியிற அடுப்புல விழுந்த கதையாயிடும் பாத்துக்கோங்க. ஃபவுண்டர் நல்லா பேசாம என்ன பண்ணுவாரு, முதலீடு வாங்குறதே அந்த வாயாலதான? பேங்க்ல இருக்குற பணத்த மாசாமாசம் கரையுற பணத்தால வகுத்தா எத்தன மாசம் வருதுன்னு கேளுங்க. ஆபீஸ் இடம் வாடகைக்கு விடுற வீவொர்க் 2019ல 47 பில்லியன் டாலர் மதிப்பு, 2023 நவம்பர்ல திவால்.

மூணாவதுபெஞ்ச்:
அண்ணே 12 பேர் ஆபீசுக்கு எதுக்கு வீவொர்க்க இழுக்குறீங்க? பெரிய இடம் மட்டும் பத்திரமா? 2023 ஜனவரில கூகுள் 12,000 பேர அனுப்பப்போறதா சொல்லல?

கணக்குப்புலி:
சொன்னான், ஆனா அமெரிக்காவுல இருந்தவங்களுக்கு குறைஞ்சது 16 வார சம்பளம் தர்றதாவும் சொன்னான்ல தம்பி. இங்க கடைய மூடுற அன்னிக்கு கல்லாவுல ஏதாவது மிஞ்சுனாதான் நமக்கு. ஈசாப் கதையும் கேட்டுக்கோங்க, வழக்கமா 4 வருஷ வெஸ்டிங், அதாவது ஷேர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் நம்ம பேருக்கு வரும், முதல் வருஷம் முழுசா முடியாம ஒரு ஷேர் கூட கைக்கு வராது. என்னைய 11வது மாசம் வேலைய விட்டு அனுப்புனாங்க. காலண்டர்ல நாள் எண்ணிட்டு இருந்தேன், எல்லாம் பூஜ்யம். அதனால சம்பளத்த மட்டும் வெச்சு முடிவெடுங்க, ஈசாப்ப லாட்டரி டிக்கெட்டா நினைச்சுக்கோங்க.

ஜன்னலோரம்:
ரெண்டு பேரும் வேற எதுக்கோ சண்டை போடுறீங்க. அவங்க ஓடிவந்தது கம்பெனி பெருசுங்கறதால இல்ல, ஒரு ஆளால. இங்க யாருக்கு கீழ வேலை, அவர் எப்படி? அங்கேர்ந்து வேலைய விட்டுப்போன ஒருத்தர புடிச்சு பேசுங்க, இருக்குறவங்க நல்லதத்தான் சொல்லுவாங்க.

இரவுப்பறவை:
ஃபவுண்டருக்கே மெயில் போட்டு கேட்டேன். 9 மாசத்துக்கு பணம் இருக்கு, அடுத்த ரவுண்டு முதலீடு இன்னும் முடியலன்னு ஒளிக்காம சொல்லிட்டாரு. விட்டுப்போனவர் நம்பரும் அவரே குடுத்தாரு. ஆனா அந்த பதில் வந்தது ராத்திரி 11:40க்கு.

கணக்குப்புலி:
போதுமா?

மூணாவதுபெஞ்ச்:
அட, பேங்க்ல இருக்குறத மறைக்காம சொல்ற முதலாளி எங்க கிடைப்பாரு? ராத்திரி பதில் போட்டாரு, உங்கள போடச் சொல்லலயே.

ஜன்னலோரம்:
அந்த நம்பருக்கு மொதல்ல போன் பண்ணுங்க. ராத்திரி மெசேஜுக்கு காலைல பதில் சொன்னா என்ன ஆகும்னு அவருக்குத்தான் தெரியும்.