மறு: ‘ஸ்லிப் ஜொயின்ற்’ கத்திக்கு ‘வில்லுக்கத்தி’ போதாதா?

அன்பின் குழும நண்பர்களுக்கு,

ஆங்கிலத்தில் ‘ஸ்லிப் ஜொயின்ற்’ எனப்படும், பூட்டில்லாத மடக்குக்கத்திக்குத் தமிழ்ச் சொல் தேடி நான்கு நாட்களாக ஓடும் இந்த இழையை ஓரமாக நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். ‘நழுவுமூட்டுக் கத்தி’ என்ற முன்மொழிவுக்கு மூன்று பேர் கைதூக்கிய பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. மூட்டு நழுவினால் திருகோணமலையில் நாங்கள் முறிவு வைத்தியரிடம் போவோம்; அவர் எண்ணெய் பூசி மட்டை வைத்துக் கட்டிவிடுவார். அப்படியொரு பெயரைச் சுமந்த கத்தியை யார் நம்பிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள்?

சொல்லை விட்டுவிட்டுப் பொருளைக் கையில் எடுப்போம். இதை எழுதும் மேசையில் என் அப்பப்பாவின் கத்தி கிடக்கிறது. பிரித்தானியக் கடற்படை 1957இல் இந்தத் துறைமுகத் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போகும்வரை அப்பப்பா அங்கே கயிறு, கப்பி வேலை பார்த்தவர். கறுத்த, சொரசொரப்பான பிடி. ஒரு பக்கம் நுனி மழுங்கிய நேர்வாய் அலகு, தகரப்பேணி திறக்கும் கொக்கி. மறுபக்கம் கயிற்றின் புரியைப் பிரிக்கும் நீண்ட முள். பிடியின் தலையில் கயிறு கோக்க ஒரு வளையம். அலகின் அடியில் ஷெபீல்ட் என்ற ஊர்ப் பெயரும், அரசாங்கச் சொத்து என்று காட்டும் அகன்ற அம்புக்குறியும். அரசாங்கச் சொத்து எப்படி அப்பப்பாவின் மடிக்குள் வந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. மாலுமிக் கத்திகளின் நுனியை மழுக்கி வைத்ததற்குக் காரணம் உண்டு: ஆடும் கப்பலில் கை தவறினால் ஆளைக் குத்தக்கூடாது.

இந்தக் கத்திக்குப் பூட்டு இல்லை. பிடியின் முதுகாக ஓடும் தட்டையான உருக்குப் பட்டையே எல்லா வேலையையும் செய்கிறது. அலகின் அடிக்கட்டை அந்தப் பட்டையின் நுனியோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. நகத்தால் அலகை இழுத்தால் அடிக்கட்டையின் மூலை பட்டையை மேலே நெம்பும். பட்டை வளைந்துகொடுத்து, அலகு முழுவதும் நிமிர்ந்ததும் ‘டக்’ என்று இறங்கி அமர்ந்துகொள்ளும். மூடும்போதும் அதே அழுத்தத்தை வென்றாக வேண்டும். ‘ஸ்லிப் ஜொயின்ற்’ என்பதற்குள் இதைவிட மந்திரம் எதுவும் இல்லை.

அப்படியானால் கேள்வி எளிது. வளைத்தால் வளைந்து, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் உருக்குப் பட்டையை நம்மவர் என்னவென்று சொன்னார்கள்? மாட்டு வண்டியின் அடியில் அதைப் பூட்டியதும் அது வில்வண்டி ஆனது. அங்கே இருந்தது சுருள் அல்ல, இதே தட்டைப் பட்டைதான். இலங்கையில் விஞ்ஞானம் படித்த எல்லோரும் ஆய்வுகூடத்தில் விற்றராசில், அதாவது வில் வைத்த தராசில், எடை தூக்கிப் பார்த்திருப்போம். வில் என்றால் எய்வதற்கு மட்டும் என்று நினைப்பது பள்ளிக்கூடத்து இராமாயண நாடகத்தோடு நின்றுவிட்டவர்களின் கவலை.

அப்பம்மா இந்தக் கத்தியை ‘வில்லுக்கத்தி’ என்றுதான் சொன்னார். ‘அந்த வில்லுக்கத்தியை எடுத்துவா, புகையிலை நறுக்க வேண்டும்.’ அவர் கலைச்சொல் குழு எதிலும் இருந்ததில்லை. சில வருடங்களுக்கு முன் முள் இருந்த பக்கத்துப் பட்டை தளர்ந்து, முள் தானாகத் தொங்கத் தொடங்கியபோது கிண்ணியாப் பக்கம் ஒரு கம்மாலைக்கு, கொல்லன் பட்டறைக்கு, கொண்டுபோனேன். பெரியவர் கத்தியை இரண்டு தரம் திறந்து மூடிக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, ‘தம்பி, இதற்கு வில் செத்துவிட்டது’ என்றார். எனக்கு அந்த வாக்கியம் போதும். கம்மாலையில் ஒரு சொல்லுக்கு உயிரும் சாவும் இருக்கிறதென்றால் அதைத் தாண்டிப் புதுச் சொல்லை எதற்குத் தேட வேண்டும்?

இலக்கணம் பார்க்கும் நண்பர் ‘விற்கத்தி’ என்று எழுதச் சொல்கிறார். விற்றராசுக்கு ஒரு நீதி, கத்திக்கு ஒரு நீதியா என்று கேட்கிறார். புணர்ச்சி விதி அவர் பக்கம்தான். ஆனால் ‘விற்கத்தி’ என்று பலகையில் எழுதி வைத்தால், விற்க வந்தவன் எழுத்துப் பிழை விட்டிருக்கிறான் என்றே நினைப்பார்கள். உகரத்தைச் சேர்த்துச் சொன்ன அப்பம்மாவின் நாக்குக்கு இந்தச் சிக்கல் முன்பே தெரிந்திருக்கிறது.

கனடாவில் இருக்கும் ஸ்கார்பரோ அக்காவின் எதிர்ப்புத்தான் கனமானது. ‘வில் என்றதும் பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தி என்று இளையவர்கள் நினைத்துவிடுவார்கள்’ என்கிறார். உண்மை. இரண்டிலும் வில் இருக்கிறது. ஒன்றில் அது அலகைப் பிடித்து வைக்கிறது, மற்றதில் அலகை எறிகிறது. இந்த வேறுபாடு வெறும் சொற்சண்டை அல்ல என்று காட்டியது இலண்டனில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் தங்கையின் மடல். அதை இன்னொரு முறை வாசியுங்கள். பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின்படி, வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு மேற்படாத மடங்கும் சட்டைப்பைக் கத்தியைப் பொது இடத்தில் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். ஆனால் திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி அந்த விலக்குக்குள் வராது என்று நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. அது எவ்வளவு சிறிதானாலும் தக்க காரணம் காட்ட வேண்டும். பொத்தான் கத்தியை விற்பதையே 1959இல் தடை செய்துவிட்டார்கள். மூன்று கத்தி, மூன்று சட்டநிலை. மூன்றையும் ‘மடக்குக்கத்தி’ என்று ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டு வந்தால் நம் பிள்ளை ஒன்று கூண்டில் நிற்கும்.

ஆகவே என் கணக்கு இது. மடக்குக்கத்தி என்பது குலப்பெயர். அகராதியிலும் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். அதற்குள், வில் பிடித்து வைத்திருப்பது வில்லுக்கத்தி. திறந்ததும் பூட்டிக்கொள்வது பூட்டுக்கத்தி. பொத்தான் கத்திக்குத்தான் புதுச் சொல் வேண்டும். அதை ‘விசைக்கத்தி’ என்போம். துப்பாக்கியில் விரலால் இழுப்பதை விசை என்கிறோம். அழுத்தினால் பாய்கிற பொருளுக்கு அது பொருந்தும். பழைய சொல்லைப் பழைய பொருளிடமிருந்து பிடுங்கிப் புதிய பொருளுக்குக் கொடுப்பதைவிட, புதிதாக வந்தவனுக்குப் புதுச் சட்டை தைப்பது நியாயம்.

வில்லும் இல்லாமல் பூட்டும் இல்லாமல், அச்சாணியின் இறுக்கத்தால் மட்டும் நிற்கிற கத்திகளும் உண்டு. நாவிதரின் மடக்குச் சவரக்கத்தி அப்படிப்பட்டது. சேகரிப்பவர்கள் விரும்பித் தேடும் ஜப்பானிய ஹிகோனொகாமியும் அவ்வாறே. மடித்த தகடுதான் பிடி, அலகின் வாலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு வெட்ட வேண்டும். பிரான்சின் ஒப்பினெல் கத்தி 1890இல் இந்த இனத்தில் பிறந்து, 1955இல் கழுத்தில் சுழலும் வளையம் பூட்டப்பட்டுப் பூட்டுக்கத்தி இனத்துக்கு மாறியது. கத்திகளுக்குள்ளும் மதமாற்றம் நடக்கிறது. இந்த இனத்துக்கு ‘உராய்மடக்கி’ என்ற முன்மொழிவு எனக்கு ஒட்டவில்லை. ஆனால் என்னிடம் மாற்றும் இல்லை.

‘இப்படியொரு சொல் இருந்திருந்தால் எங்களுக்கு ஏன் தெரியாது?’ என்று இரண்டு இளையவர்கள் கேட்டிருந்தார்கள். பொருள் பையை விட்டுப் போனது, சொல் வாயை விட்டுப் போனது. நான் வளர்ந்த காலத்தில் பாடசாலைக்குப் போவதற்குள் சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. கவராயத்தின் கூர்முனைக்கே விளக்கம் சொன்ன நாட்கள் அவை. மாங்காய் வெட்டக் கத்தி கொண்டுவந்தேன் என்று எந்தப் பையன் சொல்ல முடியும்? அப்பப்பாவின் கத்தி அலுமாரியின் அடித்தட்டில் துணி சுற்றிக் கிடந்தது. போர் முடிந்த 2009க்குப் பிறகும் நான் அதை உடனே எடுக்கவில்லை. இப்போதுகூட வீட்டிலும் படகிலும் வைத்திருப்பேன். கோட்டை வாசலுக்குள்ளால் கோணேசர் கோயிலுக்குப் போகும் நாளில் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவேன். பழக்கம்.

சேகரிப்புச் சொற்கள் சிலவற்றையும் தொட்டுவிடுகிறேன். கரி உருக்கு அலகில் நாளடைவில் ஏறும் நீலக்கறுப்பு நிறத்துக்கு ‘முதுமைநிறம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகாக இருக்கிறது, ஆனால் நம் சமையலறையில் வாழைக்காய் நறுக்கிய கத்திக்கு ஏறுவதைக் கறை என்றுதான் சொல்கிறோம். ‘கறையேறிய அலகு’ என்றால் போதும். துருவிலிருந்து அது வேறு என்பதும் உடனே விளங்கும். கடற்காற்று அடிக்கும் இந்த ஊரில் அந்தக் கறை அலகுக்கு ஓரளவு காப்பு. துருவோ ஒரு மழைக்காலத்தில் கத்தியைத் தின்றுவிடும். மூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நான் விட்டேன், தூசியோடு சேர்ந்து பிசுபிசுத்து, அலகைத் திறக்கக் குறடு தேட வேண்டி வந்தது. தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டுப் போதும்.

அலகைத் திறக்க நகம் வைக்கும் பள்ளத்துக்கு ‘நகக்குறி’ என்று முன்மொழிந்தவர் அகத்துறைப் பாடல் எதையும் வாசிக்காதவர் போலிருக்கிறது. அந்தச் சொல்லைக் காதலர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள் ஐயா. ‘நகப்பள்ளம்’ என்று வைத்துக்கொள்வோம்.

பேனாக்கத்தியைப் பற்றி ஒரு சொல். அது பேனா அளவில் இருப்பதால் வந்த பெயர் அல்ல. இறகுப் பேனாவின் நுனியைச் சீவ வைத்திருந்த கத்தி. நம்மிடம் மடக்கெழுத்தாணி இருந்தது: பிடிக்குள் மடங்கும் எழுத்தாணி, கூடவே ஓலை வாரக் கத்தியும் வைத்துச் செய்வதுண்டு. அங்கேயும் இங்கேயும் மடக்குக்கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்தவன் எழுதுகிறவன்தான் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது.

திருகோணமலையிலிருந்து,
அன்புடன்

*

ஐயா,

உங்கள் மடல் கண்டேன். நான் மதுரைப் பக்கத்தவன். திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் ஊரே எழுந்து நிற்கும் எங்கள் வட்டாரத்தில் ‘வில்லுக்கத்தி’ என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஸ்பிரிங் கத்தி என்பார்கள். அதற்கு நீங்கள் விசைக்கத்தி என்று சொல்வதுதான் பொருள். ஆக, ஒரு கரையில் வழங்கும் சொல்லை இரு கரைக்கும் பொதுவாக்கச் சொல்கிறீர்கள். எனக்கு மறுப்பில்லை, ஒரு நிபந்தனை உண்டு. உறுப்புக்கு முதலில் பெயர் வையுங்கள். பிடியின் முதுகில் ஓடும் அந்தப் பட்டையை ‘முதுகுவில்’ என்று வரையறுத்துவிட்டு, ‘முதுகுவில்லால் அலகு நிற்கும் கத்தி வில்லுக்கத்தி’ என்று எழுதினால் இங்கே படிப்பவர்களும் குழம்ப மாட்டார்கள்.

இன்னொன்று: சில கத்திகளில் அலகு பாதி திறந்த இடத்தில் ஒருமுறை நின்று, பிறகு மேலே போகிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்? ‘அரைநிறுத்தம்’ என்று நான் குறித்து வைத்திருக்கிறேன்.

*

அன்பின் மதுரை நண்பருக்கு,

‘முதுகுவில்’ மிக நன்று. என் பட்டியலில் ஏற்றிவிட்டேன். கம்மாலைப் பெரியவரிடம் போன கிழமை சொன்னேன்; ‘முதுகில் இல்லாமல் வயிற்றிலா வில் வைப்பார்கள்?’ என்று கேட்டார். ஏற்றுக்கொண்டார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பாதியில் நிற்பது அடிக்கட்டையைச் சதுரமாக வெட்டுவதால் வருகிறது. நடுவழியில் இன்னொரு தட்டைப் பக்கம் வில்லின் அடியில் வந்து அமர்கிறது. அடிக்கட்டையை உருட்டி அராவிவிட்டால் நிற்காமல் வழுவழுவென்று ஓடும். மூடும்போது விரலை எடுத்துக்கொள்ள ஒரு கணம் கிடைப்பதால் எனக்குச் சதுரமே பிடிக்கும். அப்பப்பாவின் இடது பெருவிரலில் இருந்த தழும்பு உருட்டி அராவிய இன்னொரு கத்தி கொடுத்தது.

ஆனால் ‘அரைநிறுத்தம்’ வேண்டாம். உங்கள் ஊரில் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறது, எங்கள் ஊரில் தரிப்பிடத்தில் நிற்கிறது. நிறுத்துவது இன்னொருவர் செய்வது. தரிப்பது தானாகச் சற்று நின்று, பிறகு போவது. இந்த அலகும் அதைத்தான் செய்கிறது. ‘அரைத்தரிப்பு’ என்று எழுதிப் பாருங்கள். வில்லுக்கத்திக்கு நீங்கள் ஒரு நிபந்தனை வைத்தீர்கள்; இது என்னுடையது.