மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தைக்கு ஓசோன் ஏற்றலாமா?

கும்பகோணம் தாய்மாமன்:
என் தங்கையின் குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து, மூச்சுத்திணறி, அழாமல் பிறந்தது. ஆறு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. ரஷ்யாவில் இத்தகைய பச்சிளங்குழந்தைகளுக்கு ஓசோன் கலந்த உப்புநீரை நரம்பில் ஏற்றுவதாகப் படித்தேன். சிறிதளவு ஓசோன் உடலின் தற்காப்பு நொதிகளைத் தூண்டும் என்கிறார்கள். எவ்வளவு செலவானாலும் அழைத்துச் செல்லத் தயாராக இருக்கிறோம். ஏன் கூடாது?

தஞ்சாவூர் செவிலி:
ஐயா, வேண்டாம் என்றே சொல்வேன். ஆக்சிஜன் குறையும்போது மூளைக்கு விழும் காயம் ஒன்று. இரத்த ஓட்டம் திரும்பிய பின், திசுவை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுவதால் சில மணி நேரத்தில் தொடங்கும் காயம் இன்னொன்று. அதைத் தாங்கும் வலு பச்சிளம் உடலில் முதிர்ந்திருப்பதில்லை. அதனால்தான், அழாமல் பிறக்கும் நிறைமாதக் குழந்தைக்குத் தூய ஆக்சிஜனை வைக்காமல், 21 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள சாதாரணக் காற்றைக் கொண்டே மூச்சளிக்கத் தொடங்க வேண்டும் என்று 2010-இல் உலக வழிகாட்டல் மாறியது. ஆக்சிஜனையே அளந்து கொடுக்கிற இடத்தில், அதைவிட வீரியமாக அரிக்கும் ஓசோனை ஏற்றுவதை என் மனம் ஏற்கவில்லை. உங்கள் மருமகனுக்கோ அந்த முதல் மணி நேரங்கள் எப்போதோ கடந்துவிட்டன.

மன்னார்குடி வாசகர்:
ஏற்கப்பட்ட சிகிச்சையெல்லாம் சரியா, அம்மா? இப்படிப் பிறந்த குழந்தையின் உடலை 33.5 டிகிரி செல்சியசுக்கு 72 மணி நேரம் குளிர்விக்கும் முறை மேலைநாடுகளில் பலன் தந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஹெலிக்ஸ் ஆய்விலோ, குளிர்வித்த குழந்தைகளிடையே இறப்பு கூடியிருந்தது. அப்படியிருக்க, ஓசோனை மட்டும் வாசலிலேயே நிறுத்துவது என்ன நியாயம்?

தஞ்சாவூர் செவிலி:
அந்த ஆய்வை நடத்தியதால்தான் அந்தக் கேடே தெரியவந்தது. ஓசோனை ஆதரிப்பவர்கள் அப்படியொரு சோதனையை முதலில் காட்டட்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதி ஓசோனை, மருத்துவப் பயன் அறியப்படாத நச்சு வாயு என்றே குறிக்கிறது.

கும்பகோணம் தாய்மாமன்:
அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

தஞ்சாவூர் செவிலி:
இல்லை ஐயா. வளர்ச்சி தாமதமாகும் குழந்தைகளைச் சோதித்துப் பயிற்சி தரும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். காது, கண் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். வலிப்பு வருகிறதா என்று கேட்பார்கள், மறைக்காதீர்கள். குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, மார்புக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, எதிரே தாய் முகம் காட்டி அழைக்கும் பயிற்சியைக் கற்றுத்தருவார்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கி இறுகிய கையை எப்படி மெதுவாக விரிப்பது என்பதையும் காட்டுவார்கள். நாள் தவறாமல் வீட்டில் செய்ய வேண்டும்.

கும்பகோணம் தாய்மாமன்:
அழைத்துச் செல்கிறேன். ஆனாலும் ரஷ்யாவுக்கு எழுதிக் கேட்கத்தான் போகிறேன்.

தஞ்சாவூர் செவிலி:
கேளுங்கள். ஓசோன் ஏற்றாத எத்தனை குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள், இரண்டு வயதில் இரு தரப்பிலும் எத்தனை பேர் நடந்தார்கள் என்பதைச் சேர்த்துக் கேளுங்கள். பதில் வரும்வரை பணம் எதுவும் அனுப்பாதீர்கள்.