50 மெகாவாட் காற்றாலைப் பண்ணை: மின்சாரத்தைச் சீராக்க கன்ட்ரோலர் போதுமா, பேட்டரி வேண்டுமா?

காற்றுவழி:
பேச்சு பொதுவாகப் போகாமல் இருக்க ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் 2 மெகாவாட் எந்திரம் 25. காற்று வரும் திசையில் பண்ணையின் நீளம் 1.2 கிலோமீட்டர். காற்று விநாடிக்கு 10 மீட்டரிலிருந்து 8 ஆக இறங்கினால் அதிலுள்ள சக்தி பாதியாகிவிடும், ஏனென்றால் 0.8இன் மும்மடி 0.51தான். அந்த இறக்கம் பண்ணையைக் கடக்க 2 நிமிடம். ஆக 40 மெகாவாட் கொடுத்துக்கொண்டிருந்த பண்ணை 2 நிமிடத்தில் 20க்கு இறங்கும்.

நிமிடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் மாறாதபடி கட்டுப்படுத்தும் வசதி வேண்டும் என்கிறது மத்திய மின்சார ஆணையத்தின் 2019 திருத்தம். இந்தப் பண்ணைக்கு அது 5 மெகாவாட். மேற்கே 1.2 கிலோமீட்டர் தள்ளி ஒரு காற்றளவுக் கம்பம் இருந்தால் 2 நிமிடம் முன்பே தெரிந்துவிடும். அப்போதே பிட்சை, அதாவது இறக்கையின் கோணத்தை, திருப்பி நிமிடத்துக்கு 5 வீதம் இறக்கினால் கோடு சீராக வரும். காற்று இருந்தும் முன்கூட்டியே குறைப்பதால் இழப்பு 333 யூனிட். யூனிட் 3 ரூபாய் என்றால் ஆயிரம் ரூபாய். இதற்கு எதற்கு பேட்டரி?

மின்தொடர்:
கணக்கு சரி, காற்று அப்படி வராது. கம்பத்தைத் தொட்ட இறக்கம் பண்ணைக்கு வருவதற்குள் கலைந்துபோகலாம், பக்கவாட்டில் நழுவலாம். வடகிழக்குப் பருவத்தில் திசையே மாறிவிடும். அப்போது உங்கள் கம்பம் பண்ணைக்குப் பின்னால் நிற்கும்.

பேட்டரிக்கு முன்னறிவிப்பே வேண்டாம். உங்கள் உதாரணத்தில் நிமிடத்துக்கு 5 என்ற கோட்டுக்கும் உற்பத்திக்கும் இடையே அதிகபட்சப் பற்றாக்குறை 10 மெகாவாட், மொத்த ஆற்றல் அதே 333 யூனிட்தான். 10 மெகாவாட் கொடுக்கும் வேகம்தான் முக்கியம், கொள்ளளவு அல்ல.

காற்றுவழி:
அங்கேதான் செலவு ஏறுகிறது, சார். 333 யூனிட் போதும் என்றாலும், அரை மணி நேரத்தில் காலியாகும் செல் எடுத்தாலும் 10 மெகாவாட்டுக்கு 5,000 யூனிட் பேட்டரி வாங்க வேண்டும். பதினைந்து மடங்கு! பொய் எச்சரிக்கைக்கும் இழப்பு அதே 333 யூனிட்தான். ஒரு நாளில் 30 முறை வந்தாலும் 30,000 ரூபாய், அதுவும் காற்றுக் காலத்தில் மட்டும்.

பிட்ச்கோணம்:
நீங்கள் ரெண்டு பேரும் எந்திரத்துக்குள் நடப்பதைத் தொடவே இல்லை. பண்ணை கன்ட்ரோலர் 30 மெகாவாட் என்று கட்டளை கொடுத்தால் ஆளுக்கு 1.2 என்று சமமாகப் பிரிக்கக் கூடாது. பின்வரிசை எந்திரங்கள் முன்வரிசையின் காற்று நிழலில் நிற்கின்றன. அவற்றால் 0.9தான் முடியும் என்றால் மொத்தம் 30க்கு வராது. ஒவ்வொன்றுக்கும் அப்போது எவ்வளவு முடியுமோ அந்த விகிதத்தில் பங்கு போட வேண்டும்.

அந்த "எவ்வளவு முடியும்" என்ற எண்தான் பெரிய தலைவலி. நாசெல் (கோபுர உச்சியில் ஜெனரேட்டர் இருக்கும் கூடு) மேலிருக்கும் காற்றுமானி இறக்கைக்குப் பின்னால் இருக்கிறது. முழு உற்பத்தியில் இருக்கும்போது அதற்குத் திருத்தம் போட்டு வைத்திருப்பார்கள். உற்பத்தியைக் குறைத்ததும் இறக்கை காற்றைக் குறைவாகத் தடுக்கும், காற்றுமானி கூடுதலாகக் காட்டும். இல்லாத இருப்பு இருப்பதாக ஸ்காடா, அதாவது பண்ணையின் கண்காணிப்புக் கணினி, சொல்லும். முன்வரிசையைக் குறைத்தால் பின்வரிசைக்குக் காற்று கூடுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, இன்டெக்ரேட்டர்: கட்டளைக்கும் உற்பத்திக்கும் உள்ள பிழையைக் கூட்டிக் கூட்டித் திருத்தும் பகுதி. காற்று இல்லாமல் எல்லா எந்திரமும் தன் உச்சத்தில் நிற்கும்போதும் கன்ட்ரோலர் பிழையைக் கூட்டிக்கொண்டே போனால், காற்று திரும்பியதும் 30 கேட்ட இடத்தில் 36 வரும். உச்சத்தைத் தொட்டவுடன் அதை உறைய வைக்க வேண்டும். பண்ணையை முதலில் இயக்கிச் சோதிக்கும் கமிஷனிங்கில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான்.

விநாடி அளவிலான சலசலப்புக்குப் பிட்சை ஆட்டவே வேண்டாம். 25 எந்திரத்தின் சலசலப்பும் ஒன்றோடொன்று சேராதது, கூட்டும்போது தானாகவே சதவீதத்தில் ஐந்தில் ஒன்றாகிவிடும். அதையும் விரட்டினால் பிட்ச் பேரிங் தேய்வதுதான் மிச்சம்.

மின்தொடர்:
மேலே சொன்ன அதே திருத்தத்தில் இன்னொரு வரி இருக்கிறது: அதிர்வெண் 0.3 ஹெர்ட்ஸுக்கு மேல் விலகினால் ஒரு விநாடிக்குள் கொள்ளளவில் 10 சதவீதம் கொடுக்கும் வசதி. இந்தப் பண்ணைக்கு 5 மெகாவாட். பேட்டரி இல்லாமல் எப்படி?

ஒரு வழி, எப்போதும் 5 மெகாவாட் குறைத்தே ஓட்டுவது. டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ், 2002இல் வந்த 160 மெகாவாட் கடல் பண்ணை, இந்த டெல்டா முறையை அப்போதே வைத்திருந்தது. ஆனால் 5 மெகாவாட் நாள் முழுதும் வீண். 1,20,000 யூனிட், உங்கள் விலையில் 3,60,000 ரூபாய்.

காற்றுவழி:
சுழலும் இறக்கையில் இருக்கும் ஆற்றலை எடுக்கலாமே. கியூபெக்கில் ஹைட்ரோ கியூபெக் காற்றாலைகளிடம் இதைத்தான் கேட்கிறது.

பிட்ச்கோணம்:
எடுக்கலாம், ஒரு பத்து விநாடிக்கு. பிறகு ரோட்டர் வேகத்தை மீட்க உற்பத்தி முன்பிருந்ததை விடக் கீழே போகும். 25ம் ஒரே நேரத்தில் மீண்டால் கிரிட்டுக்கு இரண்டாவது அடி. மீட்பை எந்திரத்துக்கு எந்திரம் சில விநாடி தள்ளி வைக்க வேண்டும். இதற்கு மின்தொடர் சொல்லும் 5 மெகாவாட் பேட்டரியே நல்லது. நிமிட அளவிலான இறக்கத்துக்கு மட்டும் முன்னறிவிப்பு.

ஸ்டால்மெஷின்:
அதே கணவாய்ப் பகுதியில், முப்பந்தலில் இன்னும் ஓடும் பழைய 225, 250 கிலோவாட் எந்திரங்களை யாரும் பேசவில்லையே. இறக்கையின் வடிவமே சக்தியைக் கட்டுப்படுத்தும் ஸ்டால் வகையில் பிட்ச் திரும்பாது, கட்டளையும் ஏற்காது. ஓடு அல்லது நில், அவ்வளவுதான். ஃபீடர் டிரிப் ஆகித் திரும்பும்போது எல்லாம் சேர்ந்து இழுத்தால் காந்தப்புலத்துக்காக இழுக்கும் ரியாக்டிவ் பவர் எகிறி வோல்ட்டேஜ் விழும். ஒவ்வொன்றாக இடைவெளி விட்டுச் சேர்ப்பதும், அந்த ரியாக்டிவ் பவரைக் கொடுக்கும் கெப்பாசிட்டர் பேங்கைச் சரியாக வைப்பதும்தான் அங்கே ஒருங்கிணைப்பு.

மேற்கே கம்பம் நடத் தேவையும் இல்லை. அங்கே அடுத்தவர் எந்திரம் நிற்கிறது. அதன் காற்றுமானி எண் கிடைத்தால் போதும். உரிமையாளர்கள் பலர், ஸ்காடாக்கள் பல, எண்ணை யாரும் பகிர்வதில்லை. துணைமின் நிலைய அளவில் ஒரே இடத்தில் சேர்த்தால் ஆளுக்கொரு பேட்டரியும் வேண்டாம். 110 கிலோவோல்ட் பக்கம் பொதுவாக ஒன்று போதும்.

மின்தொடர்:
அதற்குச் சம்மதம். ஆனால் பொதுப் பேட்டரியும் பல பண்ணை கன்ட்ரோலர்களும் ஒரே வோல்ட்டேஜைப் பிடிக்கப் போனால் ஒன்றையொன்று இழுக்கும். 2019 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனில் மின்னலுக்குப் பின் ஹார்ன்சீ கடல் காற்றாலைப் பண்ணை, ரியாக்டிவ் கட்டுப்பாடு ஊசலாடியதால் 737 மெகாவாட் இழந்தது. ஆகவே வேலையைத் தொடங்கும்முன் பண்ணைக்காரர்கள் 33 கிலோவோல்ட் மீட்டரில் கட்டளையை 40லிருந்து 30க்கு இறக்கிப் பார்க்கட்டும். வோல்ட்டேஜ் கட்டளையையும் ஒரு சதவீதம் மாற்றிப் பார்க்கட்டும். கிரிட் பலவீனமாக இருக்கும் நேரத்தில், ஒரு லைன் வெளியே இருக்கும்போது, இரண்டையும் திரும்பச் செய்ய வேண்டும். ஊசல் இரண்டு சுற்றில் அடங்காவிட்டால் கெயினை (பிழைக்குக் கன்ட்ரோலர் எவ்வளவு பலமாக எதிர்வினை காட்டும் என்ற அளவை) குறைக்காமல் கிரிட்டில் சேர்க்கக் கூடாது.